லெக்சிங்டனா, லூயிவில்லா? குதிரைத் துறைப் பட்டப்படிப்பில் இரு வழிகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் குதிரைத் தொழிலுக்கென்றே பட்டப்படிப்பு நடத்தும் இரு பல்கலைக்கழகங்கள் ஏறத்தாழ 125 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தாலும், அவற்றின் நோக்கங்கள் வேறு வேறு.

லெக்சிங்டனில் உள்ள கென்டக்கி பல்கலைக்கழகம் குதிரை அறிவியலையும் மேலாண்மையையும் வேளாண் கல்லூரியின் கீழ் கற்பிப்பதால், உடலியங்கியல், தீவனம், இனப்பெருக்கம் ஆகியவற்றுக்கே அங்கு முதலிடம். வட அமெரிக்கத் தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கப்படும் இனம்) குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1ஆம் தேதியே பிறந்தநாளாகக் கொள்ளப்படுவதாலும், சினைக்காலம் சுமார் 11 மாதம் என்பதாலும், பண்ணையாளர்கள் டிசம்பரிலிருந்தே பெண்குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் கிடைக்குமாறு விளக்கெரித்து, குட்டிகள் ஆண்டின் தொடக்கத்திலேயே பிறக்கும்படி அவற்றின் இனப்பெருக்கப் பருவத்தை முன்கூட்டியே தொடங்கச் செய்கிறார்கள். இதன் காரணத்தை ஹார்மோன் வரை சென்று விளக்கத் தெரிந்தவருக்குப் பண்ணையில் தனி மதிப்பு உண்டு. செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குட்டியைத் தரோபிரெட் பதிவேடு ஏற்பதில்லை. ஆகவே இயற்கையான இணைசேர்க்கையின்போது பொலிகுதிரையை (ஆண்குதிரையை) அருகில் நின்று கையாளும் துணிவும் தேவை (இதை எந்தத் தேர்வுத்தாளும் சோதிக்காது).

லூயிவில் பல்கலைக்கழகமோ இத்துறையை வணிகக் கல்லூரியில் வைத்திருக்கிறது. கணக்கியல், சந்தைப்படுத்தல் போன்ற பாடங்களோடு குதிரைத் தொழிலைப் படிப்பவருக்கு, 1875 முதல் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம் நடைபெறும் சர்ச்சில் டவுன்ஸ் திடலும் அதே ஊரில் இருக்கிறது.

பந்தயத் திடல் நிர்வாகம், ஏலம், காப்பீடு ஆகியவற்றை நாடுவோருக்கு லூயிவில்லே பொருந்தும் என்பது என் கருத்து. அதிகாலையில் தொழுவத்துக்குச் செல்வதை விரும்புவோர் லெக்சிங்டனைத் தேர்ந்தெடுக்கலாம். கால்நடை மருத்துவராக வேண்டுமெனில் இவ்விரு பட்டங்களும் போதா. வேதியியல், உயிரியல் முன்தகுதிப் பாடங்களை முடித்த பின் நான்காண்டு மருத்துவப் படிப்பும் தேவைப்படும்.