குரைப்பு நிறுத்தும் அல்ட்ராசோனிக் பெட்டி: வாங்கும் முன் தெரிய வேண்டியவை

பக்கத்து வீட்டு நாய் குரைத்ததும் பெட்டிக்குள் இருக்கும் மைக் அதைப் பிடித்து, நம் காதுக்குக் கேட்காத கூர்மையான (அல்ட்ராசோனிக்) ஒலியைச் சில நொடிகளுக்கு வெளிவிடும். இதுதான் இந்தப் பெட்டியின் வேலை. நம் காதுக்கு எட்டுவது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். நாய்க்கு அதைவிட இரண்டு மடங்கு வரை கேட்கும்.

பெரும்பாலும் சொதப்புவது பொருத்தும் இடத்தில்தான். இந்த ஒலி சுவரையோ கண்ணாடியையோ தாண்டாது. அடர்ந்த செடி இருந்தாலும் வலு குறையும். ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் காசு வீண். நாய் வழக்கமாக நிற்கும் இடம் நேராகத் தெரியும்படி, அதன் தலை உயரத்துக்குப் பக்கமாக, மழை படாத இடத்தில் மாட்டுங்கள். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் இறங்கும். அதனால் அட்டையில் 15 மீட்டர் என்று போட்டிருந்தாலும், பாதித் தூரத்தில் வைப்பதே நல்லது.

மைக் உணர்திறனைக் குறைவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். ஹாரனுக்கும் கதவுச் சத்தத்துக்கும் அது ஒலித்தால், குரைப்புக்கும் ஒலிக்கும் தொடர்பிருப்பது நாய்க்குப் புரியாது. சில நாட்களில் அந்த ஒலிக்கே பழகி, கண்டுகொள்ளாமல் குரைக்கும்.

காது மந்தமான கிழட்டு நாயிடம் இது எடுபடாது. பயத்திலோ தனிமையிலோ குரைக்கும் நாய்க்கு இதை வாங்கவே வேண்டாம், பதற்றம் கூடும். உங்கள் வீட்டுப் பூனைக்கும் இந்த ஒலி கேட்கும்.

மாட்டும் முன் ஒரு வாரம் குரைக்கும் நேரத்தைக் குறித்து, நாயின் சொந்தக்காரரிடம் காட்டுங்கள். வாசல் தெரியாமல் மறைப்புக் கட்டினாலே பல நாய்கள் அடங்கிவிடும்.