வில்லிஸின் ஜாய்ஸும் இஷிடாவின் ஸ்லிக்கும்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஹற்றனில் நான் நடத்தும் சனிக்கிழமைச் சித்திர வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, தன் அம்மாயியை வைத்து மூன்று ஆண்டுகளாகக் கைபேசியிலேயே ஒரு சித்திரக்கதை வரைந்து இணையத்தில் வெளியிட்டு வருகிறாள். கதையில் அம்மாயி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோடியிலுள்ள மாடசாமிக்குச் சூடம் கொளுத்திவிட்டுத்தான், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்குப் புறப்படுவார். சென்ற ஆண்டு ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்றவள், அந்தப் பக்கங்களை அழித்துவிடலாமா என்று கேட்டாள். நம்பிக்கை மாறிய பிறகும் வரைவதை விடாத இரண்டு அமெரிக்கர்களை அவளுக்கு அருகருகே வைத்துக் காட்டினேன்.

தட்சுயா இஷிடாவின் 'சின்ஃபெஸ்ட்' என்ற சித்திரக்கதை 2000 ஜனவரியில் இணையத்துக்கு வந்தது. அதில் சாத்தான் தெருவோரத்தில் கடை போட்டு ஆன்மாக்களை விலைக்கு வாங்குவான். கடவுளோ மேகத்திலிருந்து கைப்பாவைகளை ஆட்டி அவனைச் சீண்டுவார். நடுவில் பெண்கள் பின்னால் அலையும் ஸ்லிக். யாருடைய பேச்சும் இறுதித் தீர்ப்பாக ஒலிக்காததே அதன் சுவை. 2011 அளவில் இஷிடா தீவிரப் பெண்ணியத்தின் பக்கம் திரும்பினார். பிறகு திருநர் எதிர்ப்பு, 2020களில் வெளிப்படையான யூத வெறுப்பு என்று கதை போனது. முதல் திருப்பத்தை நான் குறை சொல்லமாட்டேன். பெண்ணுடலை வேடிக்கைப் பொருளாக வரைந்த ஒருவர் தன் கோடுகளையே சந்தேகிப்பது நேர்மையான செயல்தான். ஆனால் எதிர்த்துப் பேசக்கூடிய பாத்திரங்கள் ஒவ்வொன்றாக வாயடைத்துப்போக, சிரிப்பு இருந்த கட்டங்களில் சுவரொட்டி வாசகம் குடியேறியதை எப்படிப் பொறுப்பது?

டேவிட் வில்லிஸ் கடும்போக்குக் கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்தவர். 1997இல் தொடங்கிய 'ரூமீஸ்' என்ற இணையச் சித்திரக்கதையில் வந்த ஜாய்ஸ் என்ற பக்திமிக்க பெண்ணை, தாம் நம்பிக்கை இழந்த பிறகு, 2010இல் 'டம்பிங் ஆஃப் ஏஜ்' கதையில் முதலாம் ஆண்டுப் பல்கலைக்கழக மாணவியாக மீண்டும் முதலிலிருந்து நடக்கவிட்டார். வாசகர்களுக்குப் பல ஆண்டுகள் கடக்க, கதைக்குள் சில மாதங்களே நகர்கின்றன. அந்த மந்தகதியில் ஜாய்ஸின் விசுவாசம் இழையிழையாகப் பிரிகிறது. (ஒரு காலைச் சாப்பாட்டு உரையாடல் வாரக்கணக்கில் நீளும்போது எனக்கும் கொட்டாவி வருவதுண்டு.) வில்லிஸின் கெட்டிக்காரத்தனம் ஜாய்ஸின் தோழி பெக்கியிடம் இருக்கிறது. பெண்ணை நேசித்ததற்காகத் தந்தை துப்பாக்கியோடு தேடிவந்த பிறகும், பெக்கி கடவுளை விடுவதில்லை. தாம் துறந்த நம்பிக்கையை இவ்வளவு மரியாதையோடு இன்னொரு பாத்திரத்தின் கையில் கொடுத்துவைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

'டில்பர்ட்' என்ற பத்திரிகைச் சித்திரக்கதையை வரைந்த ஸ்காட் ஆடம்ஸ் இந்த ஒப்பீட்டில் அதிகம் உதவமாட்டார். 2023 பெப்ரவரியில் பத்திரிகைகள் அவரைக் கைவிட்டது, கதைக்கு வெளியே அவர் பேசிய இனவாதப் பேச்சுக்காக.

தோட்டத்தில் வளர்ந்தவளிடம் வில்லிஸைப் புரியவைப்பது எளிது: அவர் தேயிலைச் செடியின் கிளைகளை மட்டும் கழிப்பதுபோல் கவ்வாத்து வெட்டினார், தூர் அப்படியே இருந்தது. இஷிடா தூரோடு பிடுங்கினார்.

மாணவி பழைய பக்கங்களை அழிக்கவில்லை. போன வாரம் புதிதாக ஒன்று கொண்டுவந்தாள். அம்மாயி தேங்காய் உடைத்து ஒரு சில்லைப் பேத்தியிடம் நீட்டுகிறார்; பேத்தி வேதாகமத்தை அணைத்தபடி வாசற்படியில் நிற்கிறாள். அடுத்த கட்டம் வெறும் பென்சில் கோடாக இருந்தது. பேத்தியின் கையை மூன்று தடவை அழித்திருந்தாள்.