18,504 ரூபாய்க்கு ஒரு நகல் கட்டு: ஆய்வு நூல்களை இணையத்தில் வாங்குவோர் கவனத்திற்கு

நேற்று மாலையிலிருந்து, எனக்கு நூல் விற்ற இணையதளத்தின் எண் என் அழைப்பை ஏற்பதே இல்லை. மருமகளின் கைப்பேசியிலிருந்து அழைத்தால் இரண்டாவது மணியிலேயே எடுக்கிறார்கள். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். 18,504 ரூபாய் போய்விட்டது என்பதை நேற்று இரவுதான் எனக்குள் ஒப்புக்கொண்டேன். கோபம் ஆறிய பின் எழுதினால் பாதியை நானே மென்று விழுங்கிவிடுவேன் என்பதால் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். சீர்காழிக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில், பழைய நெல் கிடங்கு ஒன்றின் முன்னறையில் ஒரு வாசகசாலை நடத்துகிறோம். நாளிதழ்களும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒரு சந்தேகத்தோடு வந்தால் எடுத்துப் புரட்டுவதற்கு நம்பகமான பார்வை நூல் ஒன்றுகூட இல்லை. இந்த ஆண்டு சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கைக்கு வந்ததும், என் பழைய மாணவர்கள் ஆறு பேர் ஆளுக்கு 1,500 ரூபாய் வீதம் 9,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதி 9,504 ரூபாய் என் ஓய்வூதியத்திலிருந்து போட்டது. இயற்பியல், வேதியியல் அட்டவணைகள் அடங்கிய ஒரு கையேடு, செவிலியர் படிப்புக்கு உதவும் ஒரு மருத்துவ நூல், கணக்கியலும் வரியும் சேர்ந்த ஒரு வணிக நூல், அவற்றோடு நான் பல ஆண்டுகளாகத் தேடிவந்த ஓர் அகழாய்வு அறிக்கை என நான்கு நூல்களைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்த அறிக்கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் ஏமாந்த விதம் விளங்காது. காவிரிப்பூம்பட்டினத்தில் 1963 முதல் 1973 வரை இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வின் முடிவுகள் 1994இல்தான் நூலாக வெளிவந்தன. கீழையூரில் கிடைத்த செங்கல் படகுத்துறையும், பல்லவனேசுவரத்தில் கிடைத்த பௌத்த விகாரையும் எங்கள் பிள்ளைகள் சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. பட்டினப்பாலையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் அவர்கள், அந்த மண்ணைத் தோண்டியவர்கள் என்ன கண்டார்கள் என்பதை ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை என்ற குறை எனக்கு வெகுநாளாக உண்டு. இந்தக் குறைதான் என்னை மாட்டிவைத்தது.

கல்விசார் நூல்களையும் அச்சில் இல்லாத பழைய நூல்களையும் விற்பதாகச் சொல்லும் இணையதளம் ஒன்றில் நான்கும் ஒருசேரக் கிடைப்பதாக இருந்தது. புகார் நிலுவையில் இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஐயத்தோடுதான் அழைத்தேன். மறுமுனையில் பேசியவர் அவசரமே காட்டவில்லை. "ஐயா, எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னதும், "அப்படியானால் கீழையூர்ப் படகுத்துறை உங்கள் பக்கத்து ஊர்தானே?" என்றார். நான் பேச்சற்றுப் போனேன். நூல் விற்பவர்களில் எத்தனை பேருக்குக் கீழையூர் தெரியும்? தொடர்ந்து, "வரைபடங்களோடு சேர்ந்த மூலப் பிரதி இது ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது, மண்ணடுக்கு வரைபடம் ஒன்றுகூடக் கிழியவில்லை, நகல் பதிப்பு வேண்டுமென்றால் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஐயாவைப் போன்றவர்களுக்கு அதைத் தர எனக்கு மனம் வராது" என்றார். ஒளிப்படத் தட்டு ஒன்றை, அதாவது நூலில் ஒளிப்படங்கள் அச்சிட்ட தனிப் பக்கத்தை, படமெடுத்தும் அனுப்பினார், தெளிவாகவே இருந்தது. கள்ளனுக்குக் கல்வி இருக்காது என்று எந்த மடையன் எனக்குச் சொல்லிக்கொடுத்தானோ தெரியவில்லை. வெறும் வியாபாரியாக அவர் பேசியிருந்தால் நான் பேரம் பேசியிருப்பேன், இரண்டு நாள் யோசித்துமிருப்பேன். நூலை நேசிப்பவராகப் பேசியதால் விலையைக் கேட்கவே கூச்சப்பட்டேன்.

பொருள் வந்தபின் பணம் தரலாமா என்று கேட்டதற்கு, அரிய நூல்கள் திரும்பி வரும் வழியில் சேதமாகின்றன என்பதால் அந்த வசதி இல்லை என்றார். அதுவும் நியாயமாகவே பட்டது. அவர் அனுப்பிய கட்டணக் குறியீட்டை ஸ்கேன் செய்தபோது திரையில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் 18,504 ரூபாயை அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் வரும் என்றார்கள். பத்தாவது நாள் கேட்டபோது கூரியரில் நெரிசல் என்றார்கள்; பதினைந்தாவது நாள் ஒரு கண்காணிப்பு எண்ணைக் கொடுத்தார்கள். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு மயிலாடுதுறை வரை பேருந்தில் போய்க் கூரியர் அலுவலகத்தில் காட்டினால், அது வேறொரு மாவட்டத்தில் யாருக்கோ சென்று சேர்ந்த பொட்டலத்தின் எண் என்று அங்கிருந்த பையன் சொன்னான். தளத்தில் கேட்டதற்குத் தட்டச்சுப் பிழை என்றார்கள். இருபத்து மூன்றாவது நாள் உண்மையிலேயே ஒரு பொட்டலம் வந்தது.

நான்கு நூல்களில் மூன்று இருந்தன. இயற்பியல், வேதியியல் கையேடு இல்லவே இல்லை. அகழாய்வு அறிக்கை என்று வந்தது பசை உலராத அட்டைக்குள் வைத்துக் கட்டிய நகல் கட்டு. ஏதோ ஒரு நூலகத்தின் வட்ட முத்திரை பாதிப் பக்கங்களில் கருமையாக விழுந்திருக்கிறது. ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்தவரின் விரல்நுனியே அச்சாகியிருக்கிறது. அகழாய்வு நூலில் மண்ணடுக்கு வரைபடம் என்பது அலங்காரம் அன்று. எந்தப் பொருள் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதை வைத்துத்தான் காலத்தையே கணிக்கிறார்கள். அந்த வரைபடங்களைக் கையகலத்திற்குச் சுருக்கியிருக்கிறார்கள், அடுக்கு எண்களைப் பூதக்கண்ணாடி வைத்தாலும் படிக்க முடியவில்லை. கறுப்பு சிவப்புப் பானை ஓடும், வட்டவட்டமாகக் கோலமிட்ட ரௌலட்டட் ஓடும், வேறெந்த ஓடும் ஒரே கரிக்கட்டையாகத் தெரிகின்றன. எனக்கு அனுப்பிய படத்தில் தெளிவாக இருந்த அதே தட்டு, இங்கே ஒரு கறுப்புச் சதுரம்.

மருத்துவ நூலைப் பார்த்தபோது வந்தது பயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கும் என் மருமகள்தான் கண்டுபிடித்தார். "மாமா, இதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். இதயம் நின்று விழுந்தவருக்கு முதலில் மூச்சுவழி, அடுத்துச் சுவாசம், அதன் பிறகே மார்பை அழுத்துதல் என்ற பழைய வரிசை அதில் இருந்தது. அமெரிக்க இதயச் சங்கம் 2010இலேயே மார்பை அழுத்துவதை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது என்றார் அவர். அதன் பிறகு பதிப்பு விவரப் பக்கத்தைத் தேடினேன், அது கிழிக்கப்பட்டிருந்தது. ஆனால் உள்ளட்டையில் நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண், பழைய 10 இலக்க வடிவில், மட்டும் தப்பியிருந்தது. 13 இலக்க எண் 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மேலட்டையிலோ பளபளப்பாக 13 இலக்கமும் "புதிய பதிப்பு" என்ற சொல்லும் இருக்கின்றன. பழைய உடம்புக்குப் புதுச் சட்டை போட்டு விற்றிருக்கிறார்கள்.

வணிக நூலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்ததை அறியாத நூல் அது. மதிப்புக் கூட்டு வரிக்கே மூன்று அதிகாரங்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய ரசீது சரக்கு மற்றும் சேவை வரியை நன்றாகவே அறிந்திருந்தது. நூல்களின் விலை 15,300, வரி 18 விழுக்காடு 2,754, அனுப்பும் செலவு 450, ஆக 18,504 ரூபாய். அச்சிட்ட நூல்களுக்கு அந்த வரியே கிடையாது. இல்லாத வரியை என்னிடம் வசூலித்து, அதற்கு ரசீதும் கொடுத்திருக்கிறார்கள்.

அதன் பிறகு பன்னிரண்டு நாட்கள் பேசியும் மின்னஞ்சல் அனுப்பியும் பார்த்தேன். முதலில், மறுபதிப்பு என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறோமே என்றார்கள். அடுத்து, பொட்டலத்தைப் பிரிப்பதை இடையில் நிறுத்தாமல் எடுத்த காணொளி இருக்கிறதா என்று ஒரு பெண் கேட்டார். புத்தகப் பொட்டலத்தைப் பிரிக்கக் கல்யாணத்துக்கு அழைப்பதைப் போலக் காணொளிக்காரரை யார் அழைக்கிறார்கள்? பிறகு, அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ள 500 ரூபாய் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். கீழையூரைத் தெரிந்த அந்த மனிதரிடம் இணைத்துவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒரே ஒரு முறை இணைத்தார்கள். "ஆசிரியராக இருந்தவர் இத்தனை அற்பமாகப் பேசலாமா, ஐயா?" என்றார். குரல் முன்பு போலவே மென்மையாக இருந்தது. மறுநாள், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது" என்று மின்னஞ்சல் வந்தது.

வங்கியில், பணத்தை அனுப்பியவர் நீங்களே என்பதால் தங்களால் செய்யக்கூடியது குறைவு என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கேயும் போகத்தான் போகிறேன்.

இதைப் படிப்பவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன், இப்போது கை ஓடவில்லை. பதிப்பு விவரப் பக்கத்தையும், உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய சீட்டோடு நூலின் ஏதாவது ஒரு வரைபடத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். பணம் போகும் கணக்கில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நூலுக்கு வரி போட்ட ரசீதை ஏற்காதீர்கள். பணம் போனது தெரிந்தவுடன், என்னைப் போல நாள் கணக்கில் கெஞ்சிக்கொண்டிராமல் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேரும் வாசகசாலைக்கு வருகிறார்கள், நூல்களைப் பார்க்க. நகல் கட்டை மேசையில் வைத்திருக்கிறேன், மருத்துவ நூலை மருமகள் எடுத்துப் பூட்டிவைத்துவிட்டார். கணக்கு நோட்டில் 18,504 ரூபாய்க்கு எதிரே இன்னும் எதையும் எழுதவில்லை.