டர்பன் செம்மணலில் வீடு: கம்பி அடிப்பதா, குழி தோண்டுவதா, போர் போடுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மனை வாங்கிய நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "மண் பரிசோதனையில் எதுண்ணே மலிவு?" என்றுதான். மனை மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பெரேயா மேடு, பிளஃப், உம்லாங்கா பக்கமெல்லாம் செம்மணல். பழைய கடலோர மணற்குன்றுகள் சிதைந்து, இரும்புத் துருவேறிச் சிவந்த மண் அது. மணலை மணலோடு பிடித்து வைத்திருப்பது கொஞ்சம் களிமண்தான். காய்ந்திருக்கும்வரை கெட்டி. குழாய் உடைந்து தண்ணீர் ஊறினால் பிடி விட்டுப்போய், வீட்டுப் பாரத்தோடு அப்படியே அமுங்கிவிடும்.

கம்பி அடிக்கும் சோதனையை இங்கே டிசிபி என்பார்கள். 8 கிலோ சுத்தியலை 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் கம்பி முனையிலுள்ள கூம்பு எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. ஆள் செலவு குறைவு, ஒரே நாளில் பல இடத்தில் அடித்துவிடலாம். ஆனால் மழையில்லாத ஜூலையில் அடித்தால் செம்மணல் பாறை மாதிரி எண்ணிக்கை காட்டும். அந்தத் தாளை மட்டும் நம்பி அஸ்திவாரம் போட நான் சம்மதிக்கவே மாட்டேன்.

மேட்டு மனைக்கு என் முதல் தேர்வு சோதனைக் குழிதான். டிஎல்பி என்கிற மண் தோண்டும் வண்டி சுமார் 3 மீட்டர் தோண்டித் தரும். ஈரம், நிறம், இறுக்கம், அமைப்பு, மண் வகை, எங்கிருந்து வந்த மண் என்று இந்த நாட்டில் ஆறையும் வரிசையாக எழுதுவார்கள். ஒரு கட்டியை உடைத்து லென்ஸில் பாருங்கள், ஊசித்துளைகள் தெரிந்தால் உஷார். தோண்டிய மண்ணைத் திரும்பக் கொட்டியும் குழி நிறையவில்லையா? மண் உள்ளே தளர்வாகக் கிடந்திருக்கிறது. சேதமில்லாமல் வெட்டிய கட்டியை ஆய்வகத்தில் பாரம் ஏற்றி நனைத்தால் எவ்வளவு அமுங்கும் என்று தெரிந்துவிடும். குழி காய்ந்திருந்தாலும் சாம்பல் திட்டுகளோ, ஊக்ளிப் என்கிற இரும்புச் சரளையோ இருந்தால் அந்த மட்டத்தில் தண்ணீர் நின்று வடிவதாகச் சந்தேகப்பட வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் முட்டு இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்; சுவர் சொல்லிக்கொண்டு சரியாது.

மெர்பேங்க் மாதிரித் தாழ்வான இடத்தில் கதை வேறு. ஊற்றெடுத்தால் குழி நிற்காது. அங்கே இயந்திரத்தால் ஆழத் துளையிடும் போர்தான், செலவு அதிகமானாலும். அந்தத் துளைக்குள் ஒரு குழாயை அடித்து இறக்க, 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீட்டர் விழும். குழாய் கடைசி 300 மில்லிமீட்டர் இறங்க எத்தனை தட்டு என்று எண்ணுவார்கள். அடுக்குமாடிக்கும் இதுவே சரி.

ஆனால் போர் போட்ட அன்றே நீர்மட்டம் குறித்துத் தந்தால் வாங்காதீர்கள். துளையிட ஊற்றிய தண்ணீரும் அதில் கலந்திருக்கும். துளையுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே விட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். சில வாரம் கழித்து ஒரு தடவை, அப்புறம் பிப்ரவரி மழைக்குள் இன்னொரு தடவை அளக்க வேண்டும்.