லெசோதோ மலைகளில் ஜிம்னி: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு

லெசோதோ பக்கம் போக என்ன வண்டி வாங்கலாம் என்று ஜோகன்னஸ்பர்க்கில் என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மலை ஏறுமா?" என்றுதான். ஏறும். மெதுவாகப் போகப் பொறுமை இருந்தால் சாதாரண வண்டியே பல கணவாய்களில் ஏறிவிடும். சுசூகி ஜிம்னி என்ற சின்ன நான்கு சக்கர இயக்க வண்டியை, 1.5 லிட்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல், கோடையிலும் பனியிலும் அந்த மலைகளில் ஓட்டிய பிறகு நான் சொல்வது இதுதான்: எப்படி ஏறுகிறது என்று பார்க்காதீர்கள், எப்படி இறங்குகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

லெசோதோவைச் சுற்றி நாலாபுறமும் தென்னாப்பிரிக்காதான். அந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர். நாங்கள் வழக்கமாகப் போகும் வழி காலிடன்ஸ்பூர்ட் எல்லை, புத்தா-புத்தே, மோட்டெங் கணவாய், பிறகு 3,222 மீட்டரில் மஹ்லசேலா கணவாய், லெட்செங் வைரச் சுரங்கம், மொகோட்லோங், அப்புறம் சானி கணவாயின் உச்சி. சானி வரை தார்ச் சாலை உண்டு, ஆனால் சுரங்கத்துக்குப் போகும் கனரக லாரிகள் ஓடும் பகுதியில் குழிகள் திடீரென்று வரும்.

டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். ஜிம்னியின் 75 கிலோவாட் கடற்கரையில் கிடைக்கும் கணக்கு, மஹ்லசேலா உச்சியில் அதில் எழுபது சதவீதம் இருந்தால் அதிகம். மோட்டெங்கில் இரண்டாவது கியர், சாமான் நிறைய இருந்தால் சில கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியர். பின்னால் வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழி விட்டுவிட்டுப் போனால் போதும், இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

சானி கணவாய் வேறு விஷயம். 1948-ல் ஒரு ஜீப் முதன்முதலாக ஏறிய பாதை அது. உச்சி ஏறக்குறைய 2,870 மீட்டர், இரண்டு நாட்டுச் சோதனைச் சாவடிகளுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர். மேல் பகுதியில் சரளையும் பெயர்ந்த கற்களும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் வளைவுகள். நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியைத் தென்னாப்பிரிக்கப் பக்கத்திலிருந்து மேலே விட மாட்டார்கள். அங்கே இறங்கும்போது பிரேக்கை நம்பி இறங்குகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பதறும். விடாமல் மிதித்தால் பிரேக் பேட் சூடேறி, பிரேக் ஆயிலும் கொதித்து, மிதி தரைவரை போய்விடும். உச்சியிலேயே வண்டியை நிறுத்தி, கியர் லீவருக்குப் பக்கத்திலிருக்கும் ட்ரான்ஸ்ஃபர் லீவரை லோ ரேஞ்சில் (நான்கு சக்கரங்களையும் மிக மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் நிலை) போட்டு, முதல் கியரில் விட்டுவிட்டால் ஜிம்னி நடக்கிற வேகத்தில், இன்ஜினே பிடித்துக்கொண்டு, தானாக இறங்கும். பெரும்பாலான நேரம் கால் பிரேக் பக்கமே போகாது. குளிர்காலத்தில் வெயில் படாத வளைவுகளில் உறைபனி நாள் முழுக்க உருகாமல் கிடக்கும், அங்கே பிரேக்கைத் தொட்டால் வழுக்கும், அப்போதும் இதே முதல் கியர்தான் காப்பாற்றியது. இந்த ஒரு லீவருக்காகவே இந்த வண்டியை மறுபடியும் வாங்குவேன்.

டயரில் செய்த செலவு வீண் போகவில்லை. முன்பு போட்டிருந்த ஆல்-டெரெய்ன் (தாருக்கும் மண் பாதைக்கும் பொதுவான) டயர்கள் தரையில் நன்றாகப் பிடித்தன, ஆனால் பக்கச்சுவர் மெலிது. சேலாபத்தேபே தேசியப் பூங்காவிலிருந்து மட்டெபெங் கணவாய் வழியாக வரும்போது கூரான பசால்ட் (எரிமலைப் பாறை) கல் ஒன்று பக்கவாட்டில் கிழித்துவிட்டது. பக்கச்சுவர் கிழிந்தால் பங்க்சர் ஒட்டி எல்லாம் பயன்படாது, ஸ்டெப்னிதான் கதி. இப்போது பக்கச்சுவர் கனமான டயர்கள், அதோடு கல் பாதை தொடங்கும் இடத்தில் காற்றை 26-லிருந்து 20 பிஎஸ்ஐக்கு இறக்கிவிடுகிறேன். டயர் கல்லின்மேல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உடம்பு உலுக்கலும் பாதியாகக் குறையும். தார் வந்ததும் மறுபடி அடித்துவிட வேண்டும், அதனால் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று எப்போதும் வண்டியிலேயே கிடக்கிறது. உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டயர் அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் தொட்டி 40 லிட்டர்தான். புத்தா-புத்தேயில் நிரப்பு, மொகோட்லோங்கில் மறுபடி நிரப்பு, பாதி காலியாகட்டும் என்று காத்திருக்காதே என்பது எங்கள் வழக்கம். தென்னாப்பிரிக்க ராண்ட் நோட்டே அங்கும் செல்லும்.

சமையலுக்குச் சின்ன குக்கர் கட்டாயம். 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரி சுற்றிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரம் பிடிக்கும். ஊர்களில் கம்பில் பச்சைக் கொடி பறந்தால் அந்த வீட்டில் காய்கறி விற்கிறார்கள், சிவப்பு என்றால் இறைச்சி. இறங்கி, "லுமேலா ந்தாத்தே" என்று ஐயாவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் பேசினால் பாதை நிலவரம் உட்பட எல்லாம் சொல்வார்கள், எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பது கம்பளி போர்த்தி ஆடு மேய்க்கும் பையன்களுக்குத் தெரிந்த அளவு எந்த மேப்புக்கும் தெரியாது. ஓடும் வண்டியிலிருந்து குழந்தைகளுக்கு மிட்டாய் மட்டும் வீசாதீர்கள். அடுத்த வண்டியின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடி வருகிறார்கள், பார்க்கவே நெஞ்சு பதறுகிறது.

வாடகை வண்டியில் போகிறவர்களுக்கு: எல்லை தாண்ட அனுமதிக் கடிதம் எழுத்தில் வாங்குங்கள். கடனில் வாங்கிய சொந்த வண்டி என்றால் வங்கியின் கடிதம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருகிறவர்களிடம் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பி நுழைய மல்டிபிள் என்ட்ரி விசா இருக்க வேண்டும். சாவியை வாங்கியதும் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அந்த இடத்திலேயே லோ ரேஞ்ச் போட்டு நாலு அடி ஓட்டிப் பாருங்கள். லோ ரேஞ்ச் விழவில்லை என்றால் வேறு வண்டி கேளுங்கள்.