மாலத்தீவில் கடைசி முழு நாள்: ஸ்கூபாவா, ஸ்நார்க்கெலிங்கா?

நாளை ஊர் திரும்ப வேண்டும், இன்று ஒரு நாள்தான் இருக்கிறது. கடலில் எதைச் செய்வது: காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபாவா, மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் மிதக்கும் ஸ்நார்க்கெலிங்கா?

விமானம்: முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஸ்கூபாவில் அழுத்தக் காற்றைச் சுவாசிப்பதால் உடலில் நைட்ரஜன் கரைந்து தங்குகிறது. அது வெளியேறும் முன் உயரே பறந்தால் குமிழ்களாகும். மூட்டுவலியில் தொடங்கி நரம்பு பாதிப்பு வரை போகலாம். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். தீவிலிருந்து தலைநகர் மாலேவுக்குப் போகும் கடல் விமானத்தையும் கணக்கில் சேருங்கள். அது பகலில் மட்டுமே பறக்கும், காலையிலேயே கிளம்பச் சொல்லலாம்.
ஸ்நார்க்கெலிங்: நீர்மட்டத்திலேயே மிதப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

செலவு: ஸ்கூபாவுக்குப் படகு, கருவி, வழிகாட்டி என்று ஏறிக்கொண்டே போகும்.
ஸ்நார்க்கெலிங்: முகமூடி, மூச்சுக்குழாய், காலில் மாட்டும் துடுப்பு போதும்.

காட்சி: ஆழத்தில் சுறாவும் மாண்டா திருக்கையும் பார்ப்பதற்கு ஈடே இல்லை, அதை மறுக்க மாட்டேன்.
ஸ்நார்க்கெலிங்: பவளப்பாறை விளிம்பில் கிளிமீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் ஆமை.

மறுநாள் இரவு விமானம், மாலேவுக்கு வேகப்படகு என்றால் இன்று காலையில் ஒரு முறை ஸ்கூபா போகலாம். காலை விமானக்காரர்களும் குழந்தைகளோடு வந்தவர்களும் ஸ்நார்க்கெலிங்கே போங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், முதுகு வெந்துவிடும்.