மூடிய மினி பைபாஸ் சர்க்யூட்: ரத்தத்துக்கு எவ்வளவு மென்மை?

இதய அறுவையின்போது இதயம், நுரையீரல் ஆகியவற்றின் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் பைபாஸ் இயந்திரத்தின் குழாய்த் தொகுப்பே சர்க்யூட். இந்த மதிப்பீடு ஒரு குறிப்பிட்ட பிராண்டைப் பற்றியதல்ல, ஒரு வகையைப் பற்றியது. சென்ட்ரிஃபியூகல் பம்ப் (சுழற்சியால் ரத்தத்தைத் தள்ளுவது), பூச்சு கொண்ட குட்டையான குழாய்கள், ஃபில்டர் உள்ளேயே பொருந்திய ஆக்சிஜனேட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் கருவி), சிரைப் பக்கத்தில் ஒரு குமிழிப் பொறி, திறந்த ரிசர்வாயர் (ரத்தம் தேங்கி நிற்கும் கலம்) கிடையாது. இதுதான் மினி சர்க்யூட். ரோலர் பம்பும் (உருளைகளால் குழாயை அழுத்தி ரத்தத்தைத் தள்ளுவது) திறந்த ரிசர்வாயரும் உள்ள வழக்கமான செட்டோடு ஒப்பிட்டே இங்கே எடைபோடுகிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கத் தகுந்தது. ஆனால் விளம்பரத் தாள்கள் முதலில் சொல்லும் பூச்சு, பலனில் மூன்றாவதாகத்தான் வருகிறது. ரத்தமும் காற்றும் சந்திக்காமல் இருப்பது முதல் பலன், பிரைம் திரவம் (தொடங்குமுன் சர்க்யூட்டை நிரப்பும் திரவம்) குறைவது இரண்டாவது. இந்த வரிசை தெரியாமல் வாங்குபவர்கள் பூச்சுக்குப் பணம் கொடுத்துவிட்டு, சக்கர் (உறிஞ்சு குழாய்) எடுத்த ரத்தத்தைப் பழையபடியே சர்க்யூட்டுக்குள் திருப்பி விடுகிறார்கள். அப்படிச் செய்தால் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீண்.

காரணம் இதுதான். நீண்ட நேரம் தாக்கினால் சிவப்பணுவைக் கிழிக்கக்கூடிய உராய்வு விசை சுமார் 150 பாஸ்கல். ஒழுங்காக வடிவமைத்த குழாயிலும் ஆக்சிஜனேட்டரிலும் அந்த அளவு வருவது அரிது. பெரும் சேதம் நடப்பது கார்டியாடமி சக்கரில். நெஞ்சுக்கூட்டில் தேங்கிய ரத்தத்தைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது நுரை உண்டாகி, ஒவ்வொரு குமிழியின் விளிம்பிலும் அணுக்கள் சிதைகின்றன. இதய உறையான பெரிகார்டியத்தைத் தொட்டு வந்த ரத்தத்தில் டிஷ்யூ ஃபேக்டரும் கொழுப்புத் துளிகளும் வேறு நிறைந்திருக்கும். அது நேராகச் சர்க்யூட்டுக்குள் போனால் உறைதல் சங்கிலி தூண்டப்பட்டு, பிளேட்லெட்டுகள் வீணாகின்றன. சிதைந்த அணுக்களிலிருந்து வெளிவரும் ஹீமோகுளோபினை ஹேப்டோகுளோபின் என்ற பிளாஸ்மாப் புரதம் ஓரளவுக்குத்தான் கட்டிப்போடும். மிஞ்சியது நைட்ரிக் ஆக்சைடை விழுங்கி நாளங்களைச் சுருக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். பிளாஸ்மாவில் இந்த ஹீமோகுளோபினின் அளவு டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

மினி சர்க்யூட் இந்த இடத்தில் நேர்மையாக வேலை செய்கிறது. சக்கர் ரத்தம் செல் சேவருக்குப் போய், கழுவப்பட்ட பிறகே நோயாளிக்குத் திரும்புகிறது. இதற்கும் ஒரு விலை உண்டு: கழுவும்போது பிளாஸ்மாவும் உறைதல் காரணிகளும் பிளேட்லெட்டுகளும் போய்விடும். நிறைய ரத்தம் கழுவப்பட்டால் அந்த இழப்பை ஈடுகட்ட வேண்டிவரும்.

அடுத்தது பிரைம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 70 மில்லி என்று வைத்தால், ரத்தம் சுமார் 4,200 மில்லி. ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 36 சதவீதம் என்போம். வழக்கமான செட்டின் 1,500 மில்லி பிரைம் கலந்ததும் அது 26.5-க்கு இறங்கும். மினி சர்க்யூட்டின் 700 மில்லி பிரைமில் 31-க்குச் சற்றுக் கீழே நிற்கும். இதை ஆக்சிஜன் கணக்கில் பாருங்கள். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.4 லிட்டர் ஓட்டத்தில், வழக்கமான செட்டில் அவருக்குக் கிடைப்பது சதுர மீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 283 மில்லி. சிறுநீரகத்தைக் காக்க வேண்டிய எல்லையாகப் பலரும் கொள்ளும் 280-ஐ ஒட்டியே நிற்கிறது. கொஞ்சம் ரத்தம் கசிந்தாலும் கீழே போய்விடும், பிறகு தானம் பெற்ற ரத்தம்தான் வழி. மினி சர்க்யூட்டில் கிட்டத்தட்ட 330. அந்த இடைவெளியில் ஒரு பை ரத்தம் மிச்சமாகலாம்.

இந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் குழாயை அளந்தாலே தெரியும். அரை அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு 127 மில்லி பிடிக்கும். எட்டில் மூன்று அங்குலம் 71 மில்லி, கால் அங்குலம் 32 மில்லி. 1.8 மீட்டர் நீள அரை அங்குலச் சிரைக் குழாயை மாற்றி, ஒரு மீட்டர் நீள எட்டில் மூன்று அங்குலக் குழாய் வைத்தால் அங்கேயே 150 மில்லிக்கு மேல் மிச்சம். மெலிந்த குழாயில் புவியீர்ப்பு மட்டும் போதாது. பம்ப்தான் இழுக்க வேண்டும், அதற்காகவே இயந்திரம் மேசைக்கு அருகில் வருகிறது. ஆக்சிஜனேட்டரிலும் இதே சிந்தனை தெரிகிறது. டெருமோவின் கேபியாக்ஸ் எஃப்எக்ஸ்25, 260 மில்லி பிரைமுக்குள்ளேயே 32 மைக்ரான் தமனி ஃபில்டரையும் அடக்கிவிடுகிறது. தனி ஃபில்டரும் அதன் இணைப்புகளும் தேவையில்லை. ஒவ்வொரு இணைப்பும் உள்ளே ஒரு சிறு படிக்கட்டு, அங்கே ஓட்டம் சுழன்று ரத்தம் படியும். இணைப்புகளைக் குறைப்பதும் மென்மைதான்.

பம்பைப் பொறுத்தவரை, சரியாக அமைத்த ரோலர் பம்ப் குறுகிய அறுவைக்கு மோசமானதல்ல என்பதே எங்கள் கருத்து. சிக்கல் அமைப்பதில்தான். ரோலருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத் திரவத் தூண் நிமிடத்துக்கு 2.5 செ.மீ. அளவுக்கு இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் அணுக்கள் நசுங்கும், குழாய்த் துகள்களும் உதிரும். தளர்த்தினால் ரத்தம் பின்னோக்கிப் பீறிட்டுச் சிதையும். சென்ட்ரிஃபியூகல் பம்பில் இந்த அமைப்பு வேலை இல்லை, நீண்ட அறுவையில் அதன் நன்மை தெளிவாகத் தெரியும். ஆனால் சுழற்சி குறைந்தால் ரத்தம் நோயாளியிடமிருந்து பின்னோக்கி ஓடும். வேகத்தைக் குறைக்குமுன் தமனிக் குழாயில் கிளாம்ப் போடும் பழக்கம் கையோடு ஊறியிருக்க வேண்டும். கிளாம்ப் போட்டுவிட்டு அதிக வேகத்தில் நெடுநேரம் சுழலவிட்டாலும் பம்பின் தலைக்குள் ரத்தம் சூடாகிச் சிதையும்.

பூச்சுகளில் ஹெபாரின் (உறைதல் தடுப்பு மருந்து) பிணைத்தவை, பாஸ்போரில்கோலின், பிஎம்இஏ என்று சில வகைகள் உண்டு. ரத்தம் தொட்ட சில நொடிகளில் ஃபைப்ரினோஜென் என்ற உறைதல் புரதம் பரப்பில் ஒட்டுவதையும், காம்ப்ளிமென்ட் என்ற அழற்சிப் புரதத் தொகுதி தூண்டப்படுவதையும் இவை குறைக்கின்றன. ஒன்றைவிட மற்றொன்று மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு படுக்கையருகே தெரிவதில்லை. பூச்சு இருக்கிறது என்பதற்காக ஹெபாரினைக் கைவிடவும் முடியாது.

பயன்படுத்தும்போது இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. முதலில் ஐந்து நிமிடம் கார்பன் டை ஆக்சைடு செலுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். ரத்தத்திலும் பிரைமிலும் அது எளிதில் கரையும் என்பதால் மிஞ்சும் குமிழி தங்காது. பிறகு கிரிஸ்டலாய்டை (உப்புக் கரைசல்) நிரப்பி, 5 மைக்ரான் முன்-ஃபில்டர் வழியே சுழற்றி, ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பாருங்கள். அந்த ஃபில்டரை ரத்தம் வருமுன் கழற்ற மறக்கக் கூடாது. பைபாஸ் தொடங்குமுன் தமனிப் பக்கத்திலிருந்து நோயாளியின் ரத்தத்தையே மெல்லப் பின்னோக்கி விட்டுப் பிரைமைப் பைக்குத் தள்ளலாம். சிஸ்டாலிக் அழுத்தம் 100-க்குக் கீழே சரிந்தால் நிறுத்திவிட வேண்டும். ஓடும்போது சிரைக் குழாய் அழுத்தத்தை மைனஸ் 50 மி.மீ. பாதரசத்தையொட்டி வைப்பது நல்லது. குழாய் துடித்தால் வேகத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். நாளச் சுவர் கானுலாவில் (நாளத்துக்குள் செருகிய குழாய்) ஒட்டிக்கொண்டதன் அறிகுறி அது. சூடேற்றும்போது ஆக்சிஜனேட்டரின் தமனி வெளிவாயில் ரத்தத்தின் வெப்பம் 37 டிகிரியைத் தாண்டக் கூடாது, சிரையோடு வேறுபாடு 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

குறைகளில் பெரியது காற்று. திறந்த ரிசர்வாயர் மேலே மிதக்கவிட்டு மன்னித்துவிடும் காற்று இங்கே நேராகப் பம்பை நோக்கி வரும். சிரைக் கானுலாவைச் சுற்றி இரட்டைப் பர்ஸ்-ஸ்டிரிங் தையல் (சுருக்குப்பை போல இறுக்குவது) போடுவதும், மயக்க மருத்துவர் மத்தியச் சிரைக் குழாயின் வாய்களை மூடி வைப்பதும் கட்டாயம். காற்றுக் குமிழியைக் கண்டறியும் கருவி ஒலித்ததும் பம்ப் நின்றால் யார் என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இரண்டாவது குறை, ரத்தத்தை நிறுத்திவைக்க இடமில்லாதது. நோயாளியின் சிரைகளே ரிசர்வாயர் ஆகிவிடுகின்றன. இதயம் வீங்கினாலும் வெறிச்சோடினாலும் மேசையைச் சாய்த்தும் நாள மருந்துகளாலும் சமாளிக்க வேண்டும். அறுவை மருத்துவர், பெர்ஃப்யூஷனிஸ்ட் (பைபாஸ் இயந்திரத்தை இயக்குபவர்), மயக்க மருத்துவர் மூவரும் ஓயாமல் பேசாத அறையில் இந்தச் செட்டை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கரோனரி பைபாஸ் அறுவைக்கு இது மிகப் பொருத்தம். மினி சர்க்யூட்டுகளை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். வால்வைத் திறக்கும் அறுவைக்கு, தேவைப்பட்டால் திறந்த ரிசர்வாயரை இணைக்கும்படி தயாராக நிற்கும் நான்காம் வகையைத்தான் வாங்க வேண்டும். மிக எளிமையான முதல் வகை அங்கே ஆபத்து. பச்சிளம் குழந்தைகளுக்குத் தத்துவம் ஒன்றே, செட் வேறு: 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே 255 மில்லிதான். அங்கே ஒவ்வொரு சென்டிமீட்டர் குழாயும் கணக்கில் வரும்.

விற்பனையாளர் காட்டும் ஹீமோலைசிஸ் (சிவப்பணுச் சிதைவு) குறியீட்டைக் கவனமாகப் படியுங்கள். மூடிய சோதனை வளையத்தில், காற்றை முழுவதும் நீக்கி, பசு ரத்தத்தை ஆறு மணி நேரம் ஓட்டிப் பெறும் எண் அது. பம்ப் நல்லதா என்று அது சொல்லும், உங்கள் அறையில் சக்கர் என்ன செய்கிறது என்று சொல்லாது. ஆகவே சோதனைக்கு ஒரு பெட்டி வாங்கும்போது பைபாஸுக்கு முன், 60 நிமிடத்தில், முடிவில் என மூன்று மாதிரிகளில் பிளாஸ்மா ஹீமோகுளோபினை அளந்து, பழைய செட்டின் எண்களோடு வைத்துப் பாருங்கள். மாதிரியை ஊசியால் வேகமாக இழுத்தால் அதுவே அணுக்களைச் சிதைத்துவிடும். மெல்ல இழுங்கள்.